நான்கு முறை மட்டுமே வெட்டக்கூடிய இரும்பு

ராஜ்தூத் 350 என்று நம் ஊர்ச் சாலைகளில் அறியப்பட்ட வண்டியின் சிலிண்டர் துளை, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது 64 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. நாளடைவில் அது தேய்ந்துவிட்டாலோ, எண்ணெய்ப் பசை அற்றுப்போய் பிஸ்டன் ஒட்டிக்கொண்டு சுவரைக் கீறிவிட்டாலோ, லேத் பட்டறையில் கொடுத்துத் துளையைச் சற்றே பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டனைப் போட வேண்டும். மெக்கானிக்குகள் இதைப் 'போர் போடுவது' என்பார்கள். ஒரு முறைக்குக் கால் மில்லிமீட்டர். 64.25, 64.50, 64.75, பிறகு 65. அதோடு அளவுப் பட்டியல் முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் பழைய இரும்பு உறையை எடுத்துவிட்டுப் புதிய ஸ்லீவ் இறக்கலாம். ஆனால் உறையில் வெட்டப்பட்டிருக்கும் வாயில்கள் சிலிண்டரின் வார்ப்போடு இம்மியளவும் பிசகாமல் பொருந்த வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த கைகள் இன்று மிகக் குறைவு.

எங்கள் வாப்பா விட்டுச்சென்ற வண்டி மூன்றாம் போரில் இருக்கிறது. நான்காவது போர் போடும் நிலை வராமல் இத்தனை ஆண்டுகள் அதை எப்படி ஓட்டிவருகிறோம் என்பதைக் கேட்டுச் சிலர் தொலைபேசியில் அழைப்பதுண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட எழுதிவிடுவது மேல் என்று தோன்றியது.

முதலில் வண்டியின் பூர்வீகம். ஜப்பானின் ஹமாமட்சு நகரில் 1887-ஆம் ஆண்டு, பழுதுபட்ட ஓர் இறக்குமதி ஆர்கன் பெட்டியைச் சரிசெய்ததிலிருந்து தொடங்கியது டொரகுசு யமஹா என்பவரின் தொழில். அவர் நிறுவிய இசைக்கருவி நிறுவனத்திலிருந்துதான் 1955-இல் யமஹா மோட்டார் பிரிந்து வந்தது. அதன் முதல் வண்டியான ஒய்ஏ-1, ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி 125 என்ற வண்டியைப் பார்த்துச் செய்யப்பட்டது. 1973-இல் வெளிவந்த ஆர்.டி. 350 அந்த மரபின் உச்சங்களில் ஒன்று. 347 சிசி, இரட்டைச் சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர், 39 குதிரைத்திறன். அதை ஒட்டி எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் இந்தியாவில் தயாரித்ததே ராஜ்தூத் 350. நம் நாட்டு மக்கள் பெட்ரோல் கணக்குப் பார்ப்பவர்கள் என்பதால் இங்கே திறனைக் குறைத்தார்கள். முதலில் வந்த 'ஹை டார்க்' வண்டிக்கு 30.5 குதிரைத்திறன், பின்னால் வந்த 'லோ டார்க்' வண்டிக்கு 27. அந்நாளில் புல்லட் 350-க்கு 18 என்பதை நினைவில் கொண்டால், குறைத்த பின்னும் அது எப்படிப்பட்ட வண்டி என்பது விளங்கும். சென்னைக்கு அருகே, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில் பந்தயம் பார்த்த பெரியவர்கள் அதன் சத்தத்தை இன்றும் வாயால் செய்து காட்டுவார்கள். ஆனாலும் விற்பனை சரியாகப் போகவில்லை. லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது என்ற வண்டியை அன்று யார் வாங்குவார்?

எங்கள் வாப்பா வாங்கினார்கள். 1985-இல். காயல்பட்டினத்திலிருந்து தூத்துக்குடிக் கடைக்கு நாள்தோறும் போய்வர. உம்மா இதைப் பற்றிச் சொல்வதற்கு நிறைய வைத்திருந்தார்கள், அவற்றை எழுதப்போவதில்லை.

இந்த என்ஜினின் உள்ளமைப்பைச் சற்று விளக்கினால்தான் மற்றது புரியும். நாம் இன்று ஓட்டும் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் பிஸ்டனுக்குக் கீழே இருப்பது எண்ணெய் நிற்கும் இடம். டூ ஸ்ட்ரோக்கில் அப்படியில்லை. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழேயுள்ள கிராங்க் அறைக்குள் இழுக்கப்படுகிறது. பிஸ்டன் இறங்கும்போது அங்கே அமுக்கப்பட்டு, பக்கவாட்டு வழிகளில் ஏறிச் சிலிண்டருக்குள் புகுகிறது. அமுக்கும்போது கலவை வந்த வழியே கார்புரேட்டருக்குத் திரும்பிவிடாமல் தடுக்க, வாயிலில் மெல்லிய எஃகுத் தகடுகள் உண்டு. காற்று உள்ளே வந்தால் திறக்கும், திரும்பினால் மூடிக்கொள்ளும். அதற்குப் பெயர் ரீடு. ஆர்மோனியத்தில் காற்றுப்பட்டு அதிர்ந்து சுரம் எழுப்பும் தகட்டுக்கும் அதே பெயர்தான். ஆர்கன் பெட்டி ரிப்பேரில் தொடங்கிய தொழில் எங்கே வந்து சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

ஆக, கிராங்க் அறை என்பது காற்றுப் புகாத பெட்டியாக இருந்தாக வேண்டும். இரு சிலிண்டருக்கும் தனித்தனி அறை. ஒரு பிஸ்டன் மேலே போகையில் மற்றது கீழே வருவதால், ஓர் அறை அமுக்கும் நேரத்தில் அடுத்தது இழுத்துக்கொண்டிருக்கும். நடுவில் இரண்டையும் பிரிப்பது, பள்ளம் பள்ளமாக வெட்டிய ஓர் உலோக வளையம். இரு முனைகளிலும் கிராங்க் தண்டைச் சுற்றி ரப்பர் உதடு கொண்ட ஆயில் சீல்கள். வலப்பக்கச் சீல் கிளட்ச் இருக்கும் எண்ணெய்ப் பக்கம். அது பழுதானால் கியர் ஆயில் கிராங்க் அறைக்குள் உறிஞ்சப்பட்டு எரியும், வெள்ளைப்புகை கிளம்பும், கியர் ஆயில் அளவு குறையும். ஓட்டுபவர் கவனித்துவிடலாம். இடப்பக்கச் சீல் மின்சாரம் உண்டாக்கும் பக்கம், உலர்ந்த பக்கம். அது பழுதானால் வெறும் காற்றுதான் உள்ளே போகும். புகை வராது. மாறாக, கலவையில் பெட்ரோல் விகிதம் குறைந்துபோவதால் வண்டி முன்னைவிட விறுவிறுப்பாக ஓடுவது போலக்கூடத் தோன்றும். பெட்ரோலோடு வரும் எண்ணெயும் விகிதத்தில் குறையும், வெப்பம் ஏறும், அலுமினிய பிஸ்டன் இரும்புச் சிலிண்டரைவிட வேகமாக விரியும். இரண்டுக்கும் நடுவே விடப்பட்டிருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் நான்கு பங்கு. அது நிரம்பிவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

2012-இல் முக்காணிப் பாலத்தைத் தாண்டியதும் வாப்பாவுக்கு நேர்ந்தது அதுதான். சத்தம் மாறிய அந்த நொடியிலேயே கிளட்சைப் பிடித்துவிட்டதால் விழவில்லை. வண்டியை ஏற்றிச்சென்ற ஒர்க்ஷாப்பில், பெட்ரோலில் கலப்படம் என்று காரணம் சொல்லி, இரண்டு சிலிண்டரையும் மூன்றாம் போருக்கு வெட்டினார்கள். கீறல் விழுந்தது இடப்பக்கம் மட்டுமே. இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டுமென்பதால் பழுதில்லாத வலப்பக்கமும் கால் மில்லிமீட்டரை இழந்தது. கூடவே, யமஹா வைத்திருந்த ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டு, இனிப் பெட்ரோல் டேங்கிலேயே எண்ணெய் கலந்து ஊற்றுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். இடப்பக்கச் சீலை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. வண்டி பழையபடி ஓடியது. ஆனால் வாப்பாவுக்கு அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது. ஆத்தூருக்கு அப்பால் அதை எடுத்துச் செல்வதையே நிறுத்திவிட்டார்கள்.

2017-இல் வாப்பா வஃபாத்தானார்கள். கடன்களும் வஸிய்யத்தும் போக மீதமுள்ள சொத்தைப் பங்கிட்டபோது வண்டியும் கணக்கில் வந்தது. வாப்பாவின் பெற்றோர் முன்பே இறந்துவிட்டதால் பங்கு எளிது. உம்மாவுக்கு எட்டில் ஒன்று. எஞ்சியது காக்காவுக்கும் எனக்கும் இரண்டிரண்டு, ராத்தாவுக்கு ஒன்று. நாற்பது பங்காக வைத்தால் உம்மாவுக்கு 5, காக்காவுக்கு 14, எனக்கு 14, ராத்தாவுக்கு 7. நிலத்தை அளக்கலாம், நகையை நிறுக்கலாம். இந்த வண்டிக்கு என்ன விலை போடுவது? பழைய இரும்பாகவா, சேகரிப்பாளர்கள் சில லட்சம் கொடுக்கும் பொருளாகவா?

காக்கா வழியாக பெங்களூரிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். சேசிஸ் எண், டேங்கின் பழைய பெயின்ட், மீட்டர் எல்லாம் பார்த்துவிட்டு நல்ல தொகை சொன்னார். போரைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவர் கேட்கவில்லையே என்றார்கள் காக்கா, உள்ளே வந்து. உம்மா வெற்றிலைத் தட்டிலிருந்து நிமிராமலே, "கேக்காட்டியும் சொல்லித்தான் ஆவணும்" என்றார்கள். சொன்னோம். மூன்றாம் போர், பம்ப் இல்லை, ஒரு முறை பிஸ்டன் பிடித்திருக்கிறது என மூன்றையும் சொன்னோம். அவர் தொகையைப் பெரிதும் குறைத்தார். அதற்குக் கொடுக்கக் காக்காவுக்கும் மனமில்லை. நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். குறைந்த விலை எனக்கே சாதகமாக முடிகிறதே என்ற கூச்சம் இருந்ததால், வெளியூர் மெக்கானிக்குகள் இருவரிடம் தனித்தனியே மதிப்புக் கேட்டோம். ஏறக்குறைய அதே தொகைதான் வந்தது. மற்றவர்களின் 26 பங்குக்குரிய பணத்தை இரண்டு ஆண்டில் கொடுத்து முடித்தேன். ராத்தா மட்டும் முதலில் வேண்டாமென்றார்கள். பாசத்தில் விட்டுக்கொடுப்பதாக இருந்தால் பணத்தைக் கையில் வாங்கிய பிறகு விட்டுக்கொடு என்று உம்மா சொல்லிவிட்டார்கள். வாங்கிக்கொண்டார்கள், விட்டுக்கொடுக்கவில்லை. அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

வண்டி என்னுடையதானதும் தூத்துக்குடியில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. புதுப் பிஸ்டன் வாங்கிவரட்டுமா என்று கேட்டதற்கு, "வெட்டுன இரும்ப யாரும் ஒட்ட முடியாது தம்பி. மொதல்ல காத்து எங்க போவுதுன்னு பாப்போம். ஒங்க வீட்ல பிரஷர் பாக்குற மிஷின் இருக்கா?" என்றார். டாக்டர்கள் கையில் கட்டிப் பார்க்கும் பழைய வகை ரத்த அழுத்தக் கருவியைத்தான் கேட்டார்.

அவர் செய்த சோதனை இதுதான். கார்புரேட்டர் இரண்டையும் கழற்றி வாயில்களை ரப்பர் தக்கையால் அடைத்தார். சைலன்சர்களைக் கழற்றி அந்த வாயில்களையும் அடைத்தார். நடு வளையம் காற்றை முழுதாக நிறுத்தாது என்பதால் நான்கையும் அடைத்தாக வேண்டும். ஒரு பக்கம் விட்டாலும் சோதனை பொய்த்துவிடும். ஒரு தக்கையில் துளையிட்டுக் கருவியின் குழாயைச் செருகி, ரப்பர் குமிழை அமுக்கி முள்ளை 300-க்கு ஏற்றினார். பவுண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ ஆறு. ஆறு நிமிடம் முள் நிற்க வேண்டும் என்பது கணக்கு. எங்கள் வண்டியில் ஒரு நிமிடத்துக்குள் பாதிக்குக் கீழே இறங்கியது. சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவினார். இடப்பக்கச் சீலைச் சுற்றி நுரை கிளம்பியது. கழற்றியபோது அதன் உதடு ரப்பராக இல்லை, பிளாஸ்டிக் போல் விறைத்திருந்தது. 2012-இல் பிஸ்டனைப் பிடிக்கவைத்த பழுது அப்படியே உள்ளே இருந்திருக்கிறது. வாப்பா தூரம் போகாமல் நிறுத்திக்கொண்டதால்தான் 64.75 பிழைத்தது.

புதுச் சீல் போட்டோம். மீண்டும் ஏற்றிய முள் ஆறு நிமிடமும் அசையவில்லை. சிலிண்டரை மூன்று உயரங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து பார்த்ததில் தேய்மானம் வரம்புக்குள்ளேயே இருந்தது. ரிங் மட்டும் மாற்றினோம். அந்தச் சோதனையை இப்போது ஆண்டுக்கொரு முறை நானே செய்கிறேன். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைத்து எடுக்கும்போதும் செய்கிறேன். நிற்கும் வண்டியில்தான் சீலின் உதடு காய்கிறது. காட்சிக்கு வைப்பதைவிட ஓட்டுவது நல்லது என்று அண்ணாச்சி சொல்வதற்கு இதுவே காரணம்.

அடுத்தது ஆயில் பம்ப். இதில் மெக்கானிக்குகள் இரண்டு கட்சி. பம்ப்பை நம்ப முடியாது, கழற்றிவிட்டுப் பெட்ரோலில் கலந்துவிடு என்பது பெரிய கட்சி. நான் சிறிய கட்சி. யமஹாவின் பம்ப் என்ஜின் சுழற்சியால் இயங்குகிறது. கூடவே ஆக்சிலேட்டர் கேபிளின் ஒரு கிளையும் அதற்குப் போகிறது. வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப எண்ணெய் கூடும், குறையும். டேங்கில் கலந்தால் எப்போதும் ஒரே விகிதம்தான். வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுதாக மூடினால் பெட்ரோல் வரத்து ஏறக்குறைய நின்றுவிடும். அதில் கரைந்த எண்ணெயும் நின்றுவிடும். என்ஜினோ இன்னும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பம்ப் இருந்தால் அந்நேரத்திலும் சிறு அளவு போய்க்கொண்டிருக்கும். இன்னொன்று, முன்பெல்லாம் பங்குகளில் டூ டி ஆயில் கலந்து ஊற்றும் இயந்திரம் இருந்தது. இப்போது காண்பது அரிது. ஒவ்வொரு முறையும் பாட்டிலும் அளவுக் குவளையுமாக நிற்க வேண்டும். அவசரத்தில் ஒருநாள் மறந்தாலும் போயிற்று.

பழைய பம்ப்பைத் தேடிப் பிடித்து மாட்டினோம். பம்ப்பை நம்ப முடியாது என்பவர்கள் பெரும்பாலும் அதன் அளவைப் பார்க்காதவர்கள். அதன் குறைந்தபட்ச வீச்சு 0.20 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்த்து, கூடுதல் குறைவுக்கு ஒரு மெல்லிய வாஷரை எடுக்கவோ சேர்க்கவோ வேண்டும். எண்ணெய்க் குழாயில் காற்றுக்குமிழி நிற்கக் கூடாது. கேபிள் நாளடைவில் நீளும் என்பதால் பம்ப்பிலுள்ள குறியை மூன்று மாதத்துக்கொரு முறை பார்க்க வேண்டும். எல்லாம் சேர்த்து அரைமணி நேர வேலை.

பாயின்ட் செட் இரண்டு, சிலிண்டருக்கு ஒன்று. இடைவெளி 0.35 மில்லிமீட்டர் அளவில் வைத்து, பிளக் துளையில் டயல் கேஜ் பொருத்தி, பிஸ்டன் உச்சிக்கு 2 மில்லிமீட்டர் முன்னே நெருப்பு விழும்படி ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே சரிசெய்ய வேண்டும். காதால் கேட்டே டைமிங் வைத்துவிடுவேன் என்று பெருமை பேசுபவர்களிடம் இந்த வண்டியைக் கொடுக்காதீர்கள். நெருப்பு முந்தினால் வெப்பம் ஏறும், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். காக்கா மகன் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தால் டயல் கேஜ் அவன் கையில்தான். எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாற்றிவிட்டால் இந்த வேலையே இல்லையே சாச்சா என்கிறான். அவன் சொல்வதும் நியாயம்தான். பாயின்ட்டின் ஃபைபர் குதி தேய்ந்து டைமிங் தளர்வது பெருங்கேடல்ல, சிறு தொல்லை. என்னால் அதைத் தாங்கிக்கொள்ள முடிகிறது. பிரேக்கைப் பற்றி மட்டும் அவனோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. வெளிநாடுகளில் விற்ற வண்டிக்கு முன்னால் டிஸ்க் இருந்தது. நமக்குக் கொடுத்தது டிரம். அதிலுள்ள இரண்டு ஷூக்களும் ஒரே கணத்தில் தொடும்படி இணைப்புக் கம்பியைச் சரியாக வைத்தால் ஓரளவு பிடிக்கும். அவ்வளவுதான். அவன் ஓட்டும்போது அறுபதுக்கு மேல் போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

வாப்பா சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் வண்டியை உதைத்து ஓடவிட்டுவிட்டுத்தான் உள்ளே போய்த் தேநீர் குடிப்பார்கள். பெட்ரோல் வீணாகிறது என்று நாங்கள் சிறுவயதில் நினைத்ததுண்டு. குளிர்ந்த என்ஜினை உடனே முறுக்கினால் பிஸ்டன் முதலில் விரிந்துவிடும், சிலிண்டர் பின்தங்கும். பிடித்துக்கொள்ள அதுவும் ஒரு வழி. 27 ஆண்டுகளில் இரண்டே போரோடு அவர்கள் ஓட்டியதற்கு அந்தத் தேநீரும் ஒரு காரணம் என்று அண்ணாச்சி கணக்குச் சொல்கிறார்.

இப்போதைய கவலை வேறு. பங்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். எங்கள் ஊர்க் கடற்காற்றும் ஆறுமுகநேரி உப்பளக் காற்றும் சேர்ந்தால் எஃகு டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். பழைய ரப்பர்களை அது ஊறவைத்துக் கெடுக்கும். அதைவிட முக்கியம், எத்தனாலுக்குள் பிராணவாயு இருப்பதால் அதே ஜெட்டில் கலவை மெலிந்துவிடுகிறது. இடப்பக்கச் சீல் ஒழுகினால் என்ன ஆகுமோ அதன் சிறு வடிவம் இது. குழாய்களையும் சீல்களையும் வைட்டான் ரப்பருக்கு மாற்றியாயிற்று. நிறுத்திவைக்கும்போது கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுகிறேன். மெயின் ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கி, பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்துவருகிறோம். முனை வெளுத்திருந்தால் கலவை மெலிவு. கறுத்து நனைந்திருந்தால் மிகுதி. காப்பி நிறம் வேண்டும். வலப்பக்கம் காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. இடப்பக்கம் இன்னும் சற்று வெளிறியே இருக்கிறது. கிராங்க் அறையில் காற்று இறங்கவில்லை என்று சோதித்தாகிவிட்டது. ஆகவே இரண்டு கார்புரேட்டரின் ஸ்லைடுகளும் ஒன்றாக எழுகின்றனவா என்பதை வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மருமகனோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும், இன்ஷா அல்லாஹ். அதுவரை வண்டி ஆத்தூரைத் தாண்டாது.